நகைக்கடன் கம்பெனில எச்ஆர் வேலை, மேல வரைக்கும் போக முடியுமா? மார்த்தாண்டம் பிராஞ்சா, டெக்னோபார்க்கா?

தக்கலைப்பிள்ள:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க வாசிக்க மட்டும்தான் செய்றேன், இன்னைக்குதான் மொத தடவ எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்குங்க.

எனக்கு 26 வயசு, தக்கலைக்கு பக்கம் ஊர். பிகாம், அப்புறம் எம்பிஏ எச்ஆர் ரெண்டு வருஷம் ரெகுலரா நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துலயே படிச்சேன். இப்போ ஒரு நகைக்கடன் கம்பெனியோட ரீஜனல் ஆபீஸ், நாகர்கோவில்ல, மூணு வருஷமா எச்ஆர் எக்ஸிகியூட்டிவ். அட்டெண்டன்ஸ், ஆஃபர் லெட்டர், புதுசா சேர்றவங்க பிஎஃப் நம்பர், வெளிய போறவங்க கணக்கு முடிக்கிறது, இதான் வேலை. மேனேஜர் சென்னைல இருக்காங்க, வாரத்துக்கு ஒரு போன்.

நான் எச்ஆர் படிச்சதுக்கு காரணம் எங்க அம்மா. 22 வருஷம் அண்டி ஆபீஸ்ல, அதாவது முந்திரி ஃபாக்டரில, இருந்தாங்க, அப்பா ரப்பர் பால்வெட்டு. அம்மா வேலைய விட்டுட்டு பிஎஃப் எடுக்கப் போனப்போ ஆதார்ல ஒரு பிறந்த தேதி, கம்பெனி ரெக்கார்டுல வேற தேதி, பேர்லயும் எழுத்து தப்பு, எட்டு மாசம் அலைஞ்சோம். ஆபீஸ்ல ஒரு ஆள் ஒரு நாள் உக்காந்து சரி பண்ணிருந்தா முடிஞ்சிருக்கும். அந்த ஒரு ஆளா நாம இருக்கணும்னுதான் இந்தப் படிப்பு.

இப்போ பிரச்சனை என்னன்னா ரெண்டு வழி வந்து நிக்குது. திருவனந்தபுரம் டெக்னோபார்க்ல ஒரு ஐடி கம்பெனி எச்ஆர்ல கூப்டுறாங்க, இப்ப வாங்குற 21,000 அங்க 32,000 ஆகும். இன்னொண்ணு, எங்க கம்பெனியிலேயே சென்னை மேடம் சொல்றாங்க, ஒரு வருஷம் மார்த்தாண்டம் பிராஞ்ச்ல ஆபரேஷன்ஸ்ல இருந்துட்டு வா, அப்புறம் எச்ஆர்ல பெரிய பொறுப்பு தர்றேன்னு. வீட்டுல கேட்டா எச்ஆரே வேண்டாம் பாங்க் எக்ஸாம் எழுதுன்னு சொல்றாங்க. எச்ஆர் படிச்ச பிள்ளைய கவுண்டர்ல உக்கார வைக்கிறது பின்னால போறது இல்லையா? பைனான்ஸ் கம்பெனி, பாங்க், இன்சூரன்ஸ்ல எச்ஆர்ல ஆரம்பிச்சு உச்சி வரைக்கும் போனவங்க உண்டா, அவங்க எப்படிப் போனாங்க? அந்த வழில இருந்தவங்க இருந்தா சொல்லுங்க.

குழித்துறை பாசஞ்சர்:

டெக்னோபார்க் போங்க சகோதரி. நான் அஞ்சு வருஷமா குழித்துறைல இருந்து ட்ரெயின் ஏறிப் போய்ட்டு வர்றேன், கழக்கூட்டத்துல நம்ம மாவட்டத்து ஆளுக நெறைய. 11,000 கூடுதல்னா சின்ன விஷயம் இல்ல. ஆனா ஒரு உண்மையும் சொல்லணும், ஐடில எச்ஆர்னா முக்கால்வாசி ஆள் எடுக்குறதுதான், ரெண்டு வருஷம் போனா நீங்க ரெஸ்யூம் பாக்குறதுல கில்லாடி ஆயிருப்பீங்க, அதுக்கு மேல என்ன வரும்னு எனக்கே சரியா தெரியல. போக வர தினம் நாலஞ்சு மணி நேரம் போகும், ஹாஸ்டல்ல நின்னா அந்த 11,000ல பாதி காலி. அதையும் கணக்குல வச்சுக்குங்க.

பார்வதிபுரம்:

மக்ளே, நேரா பதில் சொல்லிருதேன். மார்த்தாண்டம் போ. காரணம் நீளம், பொறுமையா வாசி.

நான் 1988ல இருந்து 2022 வரைக்கும் இதே வேலைல இருந்தவன், கடைசி ஒம்பது வருஷம் ஒரு பைனான்ஸ் கம்பெனிக்கு எச்ஆர் தலைமை. சொந்த ஊர் பூதப்பாண்டி பக்கம், இப்போ பார்வதிபுரத்துல வீடு. மெட்ராஸ்ல சோசியல் ஒர்க்ல பிஜி படிச்சிட்டு மொதல்ல ஒரு ஃபாக்டரில பெர்சனல் ஆபீசர். அப்பல்லாம் எச்ஆர்னு பேரே கிடையாது. கேண்டீன் டோக்கன்ல இருந்து யூனியன் பேச்சுவார்த்தை, லேபர் ஆபீஸ்ல விடிய விடிய உக்காந்து யூனியனோட 12(3) செட்டில்மெண்ட்னு சமரச ஒப்பந்தம் போடுறது வரைக்கும் நம்ம தலைல. ஒரு ஆள் சொல்லுத வார்த்தைக்கும் அவன் மனசுல இருக்கதுக்கும் உள்ள தூரத்த அங்கதான் படிச்சேன்.

பாங்க் சீர்திருத்தத்துக்குப் போட்ட நரசிம்மம் கமிட்டிக்குப் பிறகு 1993ல ரிசர்வ் பாங்க் புது தனியார் பாங்குகளுக்கு வழி விட்டுது இல்லியா, அப்படி வந்த ஒரு பாங்குல 1996ல எனக்கு பாம்பேல வேலை கெடச்சுது. நாகர்கோவில்ல ட்ரெயின் ஏறி ரெண்டு ராத்திரி, இறங்கினா யாரையும் தெரியாது, இந்தியும் தெரியாது. போன முதல் நாள் என் மேலதிகாரி செஞ்ச காரியம் என்ன தெரியுமா, எச்ஆர் டிபார்ட்மெண்ட்ல எனக்கு சேர் போடல, ஆறு மாசத்துக்கு ஒரு பிராஞ்ச்ல கொண்டு உக்கார வச்சார். எனக்கு ஒரே அவமானமா இருந்துது, எட்டு வருஷ சர்வீஸ் உள்ளவன், கவுண்டர்ல சலான் வாங்கிட்டு நிக்கேன். நீ கேட்டியே பின்னால போறதான்னு, அதே கேள்விய நான் அன்னைக்கு வீட்டுக்கு லெட்டர்ல எழுதினேன்.

அந்த ஆறு மாசம்தான் மக்ளே என்ன கடைசி வரைக்கும் காப்பாத்துனது. சாயங்காலம் கேஷ் டேலி ஆகலைன்னா 50 ரூபா வித்தியாசத்துக்கு மொத்த பிராஞ்சும் எட்டு மணி வரைக்கும் வீட்டுக்குப் போகாம நிக்கும், பிள்ளைய கிரஷ்ல விட்டுட்டு வந்த பொம்பள அங்க நின்னு கைக்கடிகாரத்தப் பாத்துட்டே இருக்கத நான் பாத்தேன். மாசக் கடைசில அக்கவுண்ட் டார்கெட் முடிக்க சித்தப்பா பேரு மச்சான் பேருன்னு கணக்கு தொறந்து விடுதத பாத்தேன், அடுத்த மாசமே அந்த கணக்கெல்லாம் காலியா கெடக்கும். ஹெட் ஆபீஸ்ல உள்ளவனுக்கு அது சாதனைன்னு ரிப்போர்ட்ல தெரியும், கவுண்டர்ல உள்ளவனுக்குதான் அது பொய்யின்னு தெரியும். பைனான்ஸ் கம்பெனில எச்ஆரோட பெரிய வேலை இன்சென்டிவ் எப்படிப் போடணும்னு தீர்மானிக்கிறதுதான், நீ எதுக்கு காசு குடுக்கியோ அத ஜனங்க செய்வாங்க, அது நல்லதோ கெட்டதோ. பிராஞ்ச்ல உக்காராதவனுக்கு இது புத்தகத்துல படிச்சாலும் உறைக்காது.

இன்னொண்ணு, உன் தொழில்லயே உள்ளது. நகைக்கடன் பிராஞ்ச்ல ஸ்ட்ராங்ரூம் ரெண்டு சாவில தொறக்கும், ரெண்டு ஆள்கிட்ட ஒவ்வொண்ணு. ரெண்டு பேர்ல ஒருத்தன் நாளைல இருந்து வரமாட்டேன்னு மெசேஜ் போட்டா, சாவிய முறையா கைமாத்தி எழுதி வாங்குத வரைக்கும் உன் பிராஞ்ச் நகைய எடுத்துக் குடுக்க முடியாது, பொண்ணு கல்யாணத்துக்கு நகை மீட்க வந்தவங்க வாசல்ல நிப்பாங்க. ஆபீஸ்ல உனக்கு அது அட்ரிஷன், ஆள் விட்டுப் போறதுன்னு எக்செல்ல ஒரு வரி. பிராஞ்ச்ல அது அன்னைக்கு காலைல ஒம்பதரை மணிக்கு வர்ற சண்டை.

லீவு விஷயமும் சொல்லுதேன். பாங்குகள்ல முக்கியமான இடத்துல இருக்கவங்கள வருஷத்துக்கு ஒரு தடவ முன்னால சொல்லாம திடீர்னு லீவுல அனுப்பணும்னு ரிசர்வ் பாங்க் விதி, 2021 ஜூலைல வந்த சர்க்குலர்படி தொடர்ச்சியா 10 வேலை நாளுக்குக் குறையாம. ஒரு ஆள் லீவே எடுக்காம உழைக்கான்னா நாம கைதட்டுவோம். நான் பாத்த ஒரு பிராஞ்ச்ல பதினோரு வருஷம் லீவு எடுக்காத ஒருத்தர், எல்லாரும் அவர தெய்வமாட்டு சொல்லுவாங்க. கட்டாயமா அனுப்பினப்போ நாலாவது நாள் ஒரு கஸ்டமர் வந்து எப்பவும் அவர்கிட்ட குடுக்குத டெபாசிட் ரசீத நீட்டுனார், அந்த நம்பரே சிஸ்டத்துல இல்ல. நல்ல மனுசன்தான், வீட்டுல ஒரு சீக்கு, மொதல்ல கொஞ்சம் எடுத்தார், பெறகு அத மறைக்க லீவு எடுக்க முடியாம போச்சு. ரெண்டாவது வருஷமே அவர லீவுல அனுப்பிருந்தா அந்தக் குடும்பம் தப்பிச்சிருக்கும்னு இன்னைக்கும் நெனப்பேன். அதனால லீவு ரெஜிஸ்டர கிளார்க் வேலைன்னு நெனச்சிராத.

2003ல இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மாறினேன். 2000ல தனியாருக்கு இன்சூரன்ஸ தொறந்து விட்ட புதுசு, எங்க பாத்தாலும் பிராஞ்ச், மாசம் நூறு பேர் எடுக்கணும் எரநூறு பேர் எடுக்கணும்னு ஓட்டம், யூலிப்னு இன்சூரன்ஸும் முதலீடும் சேந்த பாலிசி, அத விக்கிறதுல கமிஷன் அப்படி. 2010 செப்டம்பர் 1ல இருந்து யூலிப்புக்கு லாக்கின், அதாவது பணத்த எடுக்க முடியாத காலம், மூணு வருஷத்துல இருந்து அஞ்சாச்சு, சார்ஜுக்கும் உச்சவரம்பு வந்துது, பாலிசிதாரருக்கு அது நியாயமான மாற்றம்தான், ஆனா அந்தக் கமிஷன நம்பி நின்ன பிராஞ்சுகள் நிக்க முடியல. என் ரீஜன்ல 17 பிராஞ்ச் மூடணும். லெட்டர கொரியர்ல அனுப்பலாம்னு மேல சொன்னாங்க, நான் மாட்டேன்னுட்டு ஒவ்வொரு ஊருக்கா நானே போனேன். ஒரு ஊர்ல ஒரு சேல்ஸ் மேனேஜர், நான் இன்டர்வியூ பண்ணி எடுத்த பையன்தான், லெட்டர வாங்கிட்டு "சார் நீங்க எடுத்தீங்கன்னுதான் வாத்தியார் வேலைய விட்டுட்டு வந்தேன்"ன்னு மட்டும் சொன்னான். கோவமே படல. எனக்கு அந்த ரூம்ல மூச்சு முட்டிச்சு. இந்தக் கமிஷன் நின்னா இவ்வளவு பேரு கதி என்னன்னு 2007ல, நூறு நூறா எடுத்துட்டு இருந்தப்பவே, நான் மீட்டிங்ல கேட்ருக்கணும். கணக்கு எனக்குத் தெரியும், கேக்கதுக்கு தைரியம் இல்ல. அதுக்கப்புறம் எந்த மீட்டிங்லயும் ஆள் எடுக்கச் சொன்னா, இந்த ஆளுக்கு மூணாவது வருஷம் சம்பளம் எங்க இருந்து வரும்னு கேட்டுட்டுத்தான் கையெழுத்து போட்டேன், அது பலருக்குப் பிடிக்கல, ஆனா என்ன தலைமைக்கு கூப்ட கம்பெனி அந்தக் கேள்விக்காகத்தான் கூப்ட்டுது.

உச்சி வரைக்கும் போனவங்க உண்டான்னு கேட்ட. அனில் கண்டேல்வால்னு ஒருத்தர், பாங்க் ஆஃப் பரோடால பயிற்சி, எச்ஆர் பக்கம் வளந்தவர், 2005ல அதே பாங்குக்கு சேர்மன் ஆனார். அரசு பாங்குகளோட மனிதவளப் பிரச்சனைகள ஆராய அரசாங்கம் போட்ட கமிட்டிக்கும் அவர்தான் தலைவர், 2010ல அறிக்கை குடுத்தாங்க. ஐசிஐசிஐ பாங்க்ல ராம்குமார், எச்ஆர் தலைவரா இருந்து 2009ல போர்டுல எக்ஸிகியூட்டிவ் டைரக்டர். வழி உண்டு மக்ளே, குறுகல்தான், ஆனா உண்டு.

கருங்கல் பைக்:

சார் எழுதுனத வாசிச்சு ரொம்ப நேரம் சும்மா இருந்தேன்.

நான் எச்ஆர் இல்ல, பீல்டு. மைக்ரோ பைனான்ஸ் கலெக்ஷன்ல ஆறு வருஷம், கருங்கல் திங்கள்சந்தை கொளச்சல் லைன், காலைல ஆறரைக்கு குழு மீட்டிங் ஆரம்பிச்சா ராத்திரி எட்டுக்கு கேஷ் கட்டி முடியும். தங்கச்சி ஒண்ணு சொல்றேன், எங்கள மாதிரி ஆளுகளுக்கு எச்ஆர்னா சேர்றப்போ ஒரு குரல், வெளிய போறப்போ ஒரு மெயில் ஐடி, நடுவுல யாருமே இல்ல. எங்க அப்பா இறந்த மாசம் நான் ஒம்பது நாள் போகல, அந்த மாசம் கலெக்ஷன் குறைஞ்சுதுன்னு முழு இன்சென்டிவும் போச்சு, யார்கிட்ட கேக்கணும்னு கூட தெரியல. மேனேஜர்கிட்ட சொன்னா பாலிசி அப்படின்னார். அந்த பாலிசிய எழுதினவங்களுக்கு ஒரு வீட்டுல சாவு விழும்னு தோணவே இல்லியா?

வேலைய விட்டப்போ பைனல் செட்டில்மெண்ட் அஞ்சு மாசம் இழுத்தாங்க. இப்போ புது லேபர் கோடு 2025 நவம்பர் 21ல இருந்து வந்தாச்சு, அதுல வேலைய விட்டா சம்பள பாக்கிய ரெண்டு வேலை நாளுக்குள்ள குடுக்கணும்னு இருக்கு. நீங்க எங்க இருந்தாலும் அந்த ஒண்ண நடத்திக் காட்டுங்க, அது போதும் எங்களுக்கு.

பிராஞ்ச் போங்க. ஆனா டார்கெட் இல்லாத போஸ்டான்னு கேட்டுட்டுப் போங்க. ஆபரேஷன்ஸ்னு கூட்டிட்டுப் போயிட்டு மாசம் இத்தன புது நகைக்கடன் கொண்டு வான்னு சொன்னா வேற கதை ஆயிரும்.

பழைய எஸ்பிடி:

நான் 1983ல ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர்ல கிளார்க்கா சேந்து 2021ல ஸ்டேட் பாங்க்ல ஆபீசரா ரிட்டயர் ஆனவன். நம்ம மாவட்டத்து ஆளுகளுக்கு அது சொந்த பாங்க் மாதிரி, 1945ல திருவாங்கூர் பாங்க்னு ஆரம்பிச்சப்போ நாமளும் திருவாங்கூர்தானே, 1956 நவம்பர் 1லதான் தமிழ்நாட்டோட சேந்தோம்.

2017 ஏப்ரல் 1ல எஸ்பிடி ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியாவோட இணைஞ்சுது. வெளிய உள்ளவங்களுக்கு போர்டு மாறுச்சு, பாஸ்புக் மாறுச்சு, ஐஎஃப்எஸ்சி எஸ்பிடிஆர்ல இருந்து எஸ்பிஐஎன் ஆச்சு, அவ்வளவுதான். உள்ள இருந்த எங்களுக்கு ராத்திரி தூக்கம் இல்ல. சீனியாரிட்டி என்ன ஆகும், எங்க தூக்கிப் போடுவாங்க, விஆர்எஸ்னு விருப்ப ஓய்வு எடுக்கவா இருக்கவா. எனக்கு அப்போ 56 வயசு, மகளுக்கு கல்யாணம் பேசிட்டு இருந்தோம். அந்த நேரத்துல எச்ஆர்ல இருந்து ஒரு மேடம் எங்க பிராஞ்சுக்கு வந்து ரெண்டு நாள் உக்காந்தாங்க, ஒவ்வொரு ஆளையா கூப்ட்டு சர்வீஸ் ரெக்கார்ட விரிச்சு வச்சு, விஆர்எஸ் எடுத்தா கைல இவ்வளவு, பென்ஷன் இவ்வளவு, இருந்தா அறுபதுல இவ்வளவுன்னு பேப்பர்ல எழுதிக் காமிச்சாங்க. எடுங்கன்னும் சொல்லல எடுக்காதீங்கன்னும் சொல்லல. நான் இருந்தேன், எனக்கு சரியா வந்துது. என்கூட இருந்த ஒருத்தர் எடுத்தார், அவருக்கும் சரியாதான் வந்துது. அந்த பேப்பர் இன்னும் எங்க வீட்டு பீரோல இருக்கு.

வீட்டுல பாங்க் எக்ஸாம்னு சொல்றாங்கன்னு எழுதிருக்கா. எச்ஆரையும் விடாம பாங்குக்கும் போக ஒரு வழி இருக்கு, அரசு பாங்குகளுக்கு ஆள் எடுக்குற ஐபிபிஎஸ் ஸ்பெஷலிஸ்ட் ஆபீசர் தேர்வுல எச்ஆர் பெர்சனல் ஆபீசர்னு தனிப் பிரிவு. டிகிரிக்கு மேல ரெண்டு வருஷம் ரெகுலரா படிச்ச பிஜி வேணும், நீ ரெகுலர்ல படிச்சதால பிரச்சனை இல்ல, தபால் வழில படிச்சவங்களுக்குத்தான் கதவு அடைஞ்சிரும். வயசு 20ல இருந்து 30. இடம் ரொம்ப கம்மியாதான் வரும், அதனால அத மட்டும் நம்பி வேலைய விட்டுராத. கெடச்சா ஸ்கேல் ஒண்ணுல, ஆபீசர் பதவியோட முதல் படில, ஆரம்பம், 2024ல போட்ட ஒப்பந்தப்படி அடிப்படைச் சம்பளம் மட்டும் 48,480. அங்க இருந்து மேனேஜர், சீனியர் மேனேஜர், சீஃப் மேனேஜர், ஏஜிஎம், டிஜிஎம், ஜிஎம்னு படி.

இப்போ அந்தப் படில வேகமா ஏற முடியுறதுக்கு ஒரு காரணமும் இருக்கு. 1969ல 14 பாங்க், 1980ல 6 பாங்க் தேசியமயம் ஆனப்போ எழுபது எம்பதுகள்ல கூட்டம் கூட்டமா ஆள் எடுத்தாங்க. தொண்ணூறுகள்ல எடுக்குறத ஏறக்குறைய நிறுத்திட்டாங்க, 2000-01ல விஆர்எஸ்ல ஒரு லட்சம் பேருக்கு பக்கத்துல வெளிய போனாங்க. எழுபதுல சேந்தவங்க எல்லாம் 2010க்கு அப்புறம் மொத்தமா ரிட்டயர் ஆனப்போ நடுவுல ஆளே இல்ல. எங்க காலத்துல நரைச்ச தலைதான் பிராஞ்ச் மேனேஜர், இப்போ முப்பது வயசுப் பிள்ளைங்க மேனேஜர் சேர்ல இருக்காங்க. தொண்ணூறுகள்ல ஆள் எடுக்காம விட்ட ஒரு தீர்மானம் இருபது வருஷம் கழிச்சு எப்படி அடிக்குதுன்னு பாரு, அதுவும் எச்ஆர்தான்.

கொளச்சல் அக்கா மும்பை:

பிறந்தது கொளச்சல், இப்போ மும்பைல ஒரு தனியார் பாங்க்ல சம்பளம் போனஸ் தீர்மானிக்கிற காம்பன்சேஷன் டீம்ல இருக்கேன், 14 வருஷம் ஆச்சு. பார்வதிபுரம் அண்ணாச்சி சொன்னதுல எனக்கு முழு சம்மதம், நான் பிராஞ்ச் போகாம நேரா ஹெட் ஆபீஸ்ல சேந்தவ, அந்தக் குறைய இன்னைக்கும் உணர்றேன், ஒவ்வொரு தடவ சேல்ஸ் இன்சென்டிவ் திட்டம் எழுதும்போதும் யாரையாவது போன் பண்ணிக் கேக்க வேண்டிருக்கு.

தங்கச்சி, பிராஞ்ச் போனாலும் ராத்திரி ஒரு மணி நேரம் கணக்கு படி. எச்ஆர்ல மேல போக போக ஆளுகளப் பத்தின பேச்சு குறைஞ்சு நம்பரப் பத்தின பேச்சு கூடும், போர்டுல ரெமுனரேஷன் கமிட்டி முன்னால உக்காரணும்னா பேலன்ஸ் ஷீட் வாசிக்கத் தெரியணும். ஒரு உதாரணம் சொல்றேன். 2008ல வெளிநாட்டு பாங்குகள் கவுந்தப்போ, அவசரமா லாபம் காமிச்சு போனஸ் வாங்கிட்டு போயிட்டாங்க, கடன் மட்டும் பின்னால வெடிச்சுதுன்னு உலகம் பூரா பேச்சு. அதுல இருந்து வந்ததுதான் நம்ம ரிசர்வ் பாங்க் விதிகளும். 2019 நவம்பர்ல வந்தது, தனியார் பாங்க் சிஇஓ, முழுநேர டைரக்டர், பெரிய ரிஸ்க் எடுக்குற பதவில இருக்கவங்க, இவங்க மொத்த சம்பளத்துல குறைஞ்சது பாதி வேரியபிளா, அதாவது வேலையப் பொறுத்து கூடிக் குறையுறதா, இருக்கணும், அந்த வேரியபிள் நிலையான சம்பளத்தோட மூணு மடங்க தாண்டக் கூடாது. வேரியபிள்ல 60 சதவீதத்துக்குக் குறையாம தள்ளி வச்சு மூணு வருஷத்துக்குக் குறையாம பிரிச்சுக் குடுக்கணும். நடுவுல அந்த ஆள் குடுத்த கடன் வாராக்கடன் ஆச்சுன்னா குடுக்காம நிறுத்தலாம், குடுத்ததையும் திருப்பி வாங்கலாம். நகைக்கடன் கம்பெனி மாதிரி பாங்க் அல்லாத பைனான்ஸ் கம்பெனிகளுக்கும் 2023 ஏப்ரல்ல இருந்து இதே மாதிரி வழிமுறை இருக்கு, ரொம்ப சின்ன கம்பெனிகளத் தவிர. இந்தத் திட்டத்த எழுதி, கணக்கு போட்டு, கமிட்டி முன்னால நின்னு பதில் சொல்றது எச்ஆர். கோடி சம்பளம் வாங்குற ஒருத்தர்கிட்ட போய் சார் இந்த வருஷம் உங்க தள்ளி வச்ச போனஸ் வராதுன்னு சொல்றது சுலபம் இல்ல. கணக்கு கைல இருந்தாதான் குரல் நடுங்காது.

ரிசர்வ் பாங்க்கோட 2023-24 டிரெண்ட் அண்ட் புரோகிரஸ் அறிக்கையில சில தனியார் பாங்குகள், சின்ன பைனான்ஸ் பாங்குகள்ல வேலைய விட்டுப் போறவங்க சராசரியா 25 சதவீதம்னு எழுதி, இத வெறும் எச்ஆர் விஷயமா பாக்காதீங்கன்னு எச்சரிச்சிருக்காங்க. நாலு பேர்ல ஒருத்தர்! கருங்கல் தம்பி எழுதினது வாசிச்சா ஏன்னு தெரியும். தம்பி, உங்க அந்த ஒம்பது நாள் விஷயத்த இந்த வருஷம் எங்க இன்சென்டிவ் திட்டம் திருத்தும்போது நான் எழுதி வைக்கிறேன், நெருங்கின சொந்தம் இறந்த மாசத்துக்கு டார்கெட் நாள் கணக்குல குறையணும்னு. பாஸ் ஆகுமான்னு உறுதி சொல்ல முடியாது, ஆனா மேசைக்கு வரும்.

இன்னொண்ணு தங்கச்சிக்கு மட்டும். பிராஞ்ச்ல பொம்பளப் பிள்ளைங்க உங்ககிட்ட வந்து பேசுவாங்க, எச்ஆர்ல இருந்து வந்தவன்னு தெரிஞ்சதும். பத்து பேரோ அதுக்கு மேலயோ உள்ள கம்பெனில 2013 சட்டப்படி பாலியல் தொல்லை புகார விசாரிக்க உள் குழு இருக்கணும், தலைவர் பெண்ணா இருக்கணும், வெளில இருந்து ஒரு உறுப்பினர், புகார் மூணு மாசத்துக்குள்ள, விசாரணை 90 நாள். இத மனப்பாடமா வச்சுக்கோ. அந்த நேரத்துல அவங்களுக்கு சட்டம் தெரிஞ்ச ஒரு ஆள் பக்கத்துல வேணும்.

தக்கலைப்பிள்ள:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அம்மாவுக்கு பார்வதிபுரம் ஐயா எழுதினத வாசிச்சுக் காமிச்சேன், அந்த வாத்தியார் வேலைய விட்ட ஆள் இப்போ என்ன செய்றாருன்னு கேக்காங்க.

மார்த்தாண்டம்னு மனசு ஏறக்குறைய முடிவு பண்ணிட்டேன். ஆனா ஒரு பயம். ஒரு வருஷம்னு வாய்ல சொல்றாங்க, அந்த மேடமே வேற கம்பெனி போயிட்டா நான் கவுண்டர்லயே நின்னுற மாட்டேனா?

பார்வதிபுரம்:

நல்ல பயம் அது. வாய்ப்பேச்ச நம்பாத, மத்தவங்களுக்கு லெட்டர் போட்டுக் குடுக்கவளே நீதான, உனக்கும் ஒண்ணு வாங்கு. என்னென்ன கேக்கணும்னா, 12 மாசம்னு தேதியோட, முடிஞ்சதும் எச்ஆருக்குத் திரும்புதேன்னு, உன் கிரேடு இப்ப உள்ளதுக்குக் குறையாதுன்னு, சேல்ஸ் டார்கெட் கிடையாதுன்னு. கருங்கல் தம்பி சொன்னது ரொம்ப சரி. சாவி உன் கைக்கு வருமானா நகை உரசிப் பாக்குத பயிற்சி முடிஞ்ச பெறகுதான் வாங்கணும், வாங்குத அன்னைக்கு ஒவ்வொரு பாக்கெட்டா எண்ணி கையெழுத்து போட்டு வாங்கு, அவசரப்படுத்துனாலும் அவசரப்படாத, குறைஞ்சா பதில் சொல்ல வேண்டியது நீ.

ஒரு நோட்டு வச்சுக்கோ. தினம் ராத்திரி பத்து வரி. இன்னைக்கு பிராஞ்ச்ல யாருக்கு என்ன கஷ்டம், ஹெட் ஆபீஸ்ல இருந்து வந்த எந்த உத்தரவு இங்க நடக்காதது, ஏன். வருஷம் முடிஞ்சு திரும்பிப் போறப்போ அத கொண்டு போ. ஐபிபிஎஸ்ஸும் ஒரு தடவ எழுதிப் பாரு, வீட்டுக்கும் சமாதானம்.

அந்த வாத்தியார் பையன்கூட எனக்கு இப்பவும் பேச்சு உண்டுன்னு அம்மாட்ட சொல்லு. ரெண்டு வருஷம் கஷ்டப்பட்டான், பெறகு ஒரு பள்ளிக்கூடத்துல திரும்ப வாத்தியார். நல்லா இருக்கான்.

தக்கலைப்பிள்ள:

யாராவது இன்னும் பாக்கீங்களான்னு தெரியல, ஆனாலும் எழுதுறேன்.

லெட்டர் வாங்கிட்டேன், நாலு விஷயமும் எழுதிக் குடுத்தாங்க, டார்கெட் இல்லன்னு எழுதுறதுக்கு மட்டும் மூணு மெயில் ஆச்சு. டெக்னோபார்க்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். மார்த்தாண்டம் பிராஞ்ச்ல சேந்து இன்னையோட பதினாறு நாள். பயிற்சி ஓடிட்டு இருக்கு, உரைகல்லுல நகைய உரசி ஆசிட் விட்டுப் பாக்குறப்போ கை நடுங்குது இன்னும்.

நோட்டுல முதல் பக்கத்துல எழுதினது இது. இங்க சாவி வச்சிருக்கவர்ல ஒருத்தர் 14 மாசமா ஒரு நாள் கூட லீவு எடுக்கல. ஐயா சொன்ன கதை ஞாபகம் வந்து எனக்கு வயித்துல ஒரு மாதிரி ஆயிட்டு, ஆனா கேட்டா விஷயம் வேற. அவருக்குப் பதிலா சாவி வாங்க பயிற்சி முடிச்ச ஆள் இந்த பிராஞ்ச்ல யாருமே இல்ல. மூணு தடவ லீவு கேட்டுருக்கார், மூணு தடவயும் ரீஜனல் ஆபீஸ்ல "மாற்று ஆள் இல்லை"ன்னு திருப்பி விட்டுருக்காங்க. அதுல ரெண்டு தடவ சிஸ்டத்துல ரிஜெக்ட்னு கிளிக் பண்ணினது நான்தான், என் லாகின். யாரு என்னன்னு கூட பாத்திருக்க மாட்டேன். மக காது குத்துக்கு கேட்ட லீவு ஒண்ணு, அவங்க அம்மா ஆபரேஷனுக்கு ஒண்ணு.

அவர்கிட்ட சொல்லிட்டேன், அது நான்தான் சார்னு. அவர் சிரிச்சிட்டு, சீக்கிரம் பயிற்சிய முடி பிள்ளேன்னார். இந்த மாசக் கடைசில எனக்கு டெஸ்ட், பாஸ் ஆனா அடுத்த மாசம் அவருக்கு பத்து நாள் லீவுன்னு ஏரியா மேனேஜர்கிட்ட இப்பவே மெயில் போட்டு வச்சிருக்கேன்.